ஓ நெகட்டிவ் பையும் எட்டாவது குழாயும்

இரத்த வங்கியின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த புதிதில், பையில் ஓ நெகட்டிவ் என்று இருந்தால் அதை யாருக்கு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றே நானும் நம்பியிருந்தேன். அந்த எண்ணத்தைத் திருத்தியது ஒரு கொடையாளரின் தட்டணுப் பை.

அவர் பலமுறை கொடுத்தவர். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய எந்தச் சோதனையிலும் குறை தென்படவில்லை. பாசிட்டிவா நெகட்டிவா என்பதைத் தீர்மானிக்கும் டி ஆன்டிஜென் (சிவப்பணுவின் மேலுள்ள ஓர் அடையாளப் பொருள்) வலுக்குறைந்த வடிவிலாவது இருக்கிறதா என்றும் பார்த்து, நெகட்டிவ் என்பதை உறுதி செய்திருந்தோம். ஆனால் அந்தப் பை ஏ வகை நோயாளி ஒருவருக்குக் கேட்கப்பட்டிருந்ததால், ஏ வகை அணுக்களைத் தாக்கும் ஆன்டிபாடியின் டைட்டரையும், அதாவது எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் அது வேலை செய்கிறது என்ற அளவையும், பார்த்துவிடும்படி மூத்த டெக்னீஷியன் சொன்னார்.

ஓ வகையினரின் சிவப்பணுக்களில் ஏ, பி ஆன்டிஜென்கள் இல்லை. அதனால்தான் அவற்றை அவசரத்தில் பிறருக்குக் கொடுக்கிறோம். (1952-இல் பம்பாயில் கண்டறியப்பட்ட அரிய வகையினருக்கு அதுவும் கூடாது.) ஆனால் அதே கொடையாளரின் பிளாஸ்மாவில் ஏ-வுக்கும் பி-க்கும் எதிரான ஆன்டிபாடிகள் இருக்கின்றன. சிவப்பணுப் பையில் பிளாஸ்மா மிகக் குறைவு. தட்டணுக்களோ பெரும்பாலும் பிளாஸ்மாவிலேயே மிதக்கின்றன. ஆன்டிபாடி வீரியமாக இருந்தால், ஏற்றிக்கொண்டவரின் சொந்தச் சிவப்பணுக்களே சிதையக்கூடும்.

பிளாஸ்மாவை உப்புக்கரைசலில் இரண்டிரண்டு மடங்காக நீர்த்து, ஒவ்வொரு குழாயிலும் ஏ வகைச் சிவப்பணுக்களை ஒரு சொட்டு விட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, விளக்கின் அருகே பிடித்து மெல்லத் தட்டினேன். ஆன்டிபாடி வேலை செய்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முதல் நான்கில் அடியில் திரண்ட சிவப்புக் கட்டி அப்படியே பெயர்ந்து வந்தது. எட்டாவது குழாயில், அதாவது 256 மடங்கு நீர்த்த பிறகும், மணல் மணலாகத் துகள்கள் நின்றன. ஒன்பதாவதில்தான் அணுக்கள் புகைபோலக் கலைந்து மேலெழுந்தன. அனுமதிக்கும் வரம்பு கூடத்துக்குக் கூடம், முறைக்கு முறை வேறுபடும். எங்கள் வரம்பு 128.

பையில் 'ஓ வகையினருக்கு மட்டும்' என்று ஒட்டிவிட்டு, அந்த நோயாளிக்கு ஏ வகைத் தட்டணுக்களை அனுப்பினோம்.

கொடையாளரிடம் சொன்னபோது, தம் இரத்தம் கெட்டுவிட்டதா என்று கவலையோடு கேட்டார். இது நோயல்ல, இயல்பாகவே உடலில் உண்டாவது என்றும், அவருடைய சிவப்பணுக்கள் முன்போலவே பயன்படும் என்றும் விளக்கினேன். டைட்டர் காலப்போக்கில் மாறக்கூடியது என்பதால், அவர் அடுத்த முறை தட்டணுக்கள் கொடுத்தபோது பழைய அளவைப் பதிவேட்டில் பாராமல், குழாய்களை மீண்டும் முதலிலிருந்து அடுக்கினேன்.