வெளிநாட்டுப் பல்கலை தரும் பணத்துக்கு இத்தனை கெடுபிடி தேவையா?

அஸ்தம்பட்டி வாத்தியார்:
சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் நடத்துறேன். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்ட நிழல்மரங்களை ஆராய ஒரு வெளிநாட்டுப் பல்கலை பணம் தர வந்தது. கல்லூரியை நடத்துற எங்க அறக்கட்டளைக்கு எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இல்லை. உள்துறை அமைச்சகத்தில் முன் அனுமதி வாங்கணும், டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சில் கணக்கு திறக்கணும்னு ஆபீஸில் சொன்னாங்க. கோடை மழைக்குக் காப்பி பூத்து உதிர்ந்தே போச்சு. பணம் வேற ஊருக்குப் போயிடுச்சு. ஆய்வுக்குக் காத்திருந்த பிள்ளைங்க என்ன பாவம் செஞ்சாங்க?

கணக்குப் பிரிவு:
சார், உங்க ஆதங்கம் நியாயம். ஆனா கல்லூரிக் கணக்கிலேயே என் காலம் ஓடிடுச்சு. ஆய்வகத்துக்குன்னு வந்த பணத்தில் தாளாளர் ரூமுக்கு ஏசி போட்டதை நானே பார்த்திருக்கேன். இந்தச் சட்டத்தோட 2020 திருத்தத்தில், வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினாங்களே, அது இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான். வெளிநாட்டு மாணவர் கட்டுற ஃபீஸை இந்தச் சட்டம் தொடறதே இல்லை.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
அதே திருத்தம்தான், பதிவு உள்ள நிறுவனம் வாங்கி எங்களுக்குப் பங்கு தர்ற வழியையும் அடைச்சது. சட்டமன்றச் சட்டத்தால் உருவாகி, சி.ஏ.ஜி. (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) கட்டாயத் தணிக்கை செய்யுற அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. மாட்டிக்கிறது எங்களை மாதிரி சின்னக் கல்லூரி. அமெரிக்காவில் உயர்கல்விச் சட்டம் 117ஆம் பிரிவுப்படி, ஒரே வெளிநாட்டுக் கொடையாளரிடம் வருஷத்துக்கு 2,50,000 டாலரோ அதுக்கு மேலயோ வந்தா அரசுக்குத் தெரிவிக்கணும், அவ்வளவுதான். அங்கே வாங்கிட்டுச் சொல்லலாம். இங்கே கேட்டுட்டுத்தான் வாங்கணும்.

கணக்குப் பிரிவு:
வாங்கிட்டுச் சொன்னாங்களா சார்? ஹார்வர்ட், யேல் மேலயே 2020இல் அதே பிரிவில் விசாரணை வந்துச்சே. அவ்வளவு பெரிய இடமே கணக்கு ஒழுங்காக் காட்டலைன்னு பேச்சு வரும்போது, நம்ம ஊர் தாளாளர்களை நம்பி விட்டுடலாமா?

ஏற்காடு மிளகுக்கொடி:
ரெண்டு பேரும் உள்ளே வர்ற பணத்தையே பேசுறீங்க. மலையிலிருந்து வெளியே போறதை யார் கேக்குறது? எங்க தோட்டத்துக்கு ஒரு வெளிநாட்டு ஆய்வுக் குழு வந்து மிளகு இலையும் விதையும் பையில் போட்டாங்க. அனுமதி எங்கேன்னா, புரிந்துணர்வு ஒப்பந்தத்தை நீட்டினாங்க. அது அனுமதி இல்லைங்க. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி வெளிநாட்டவர் உயிர் வளத்தை எடுக்க, சென்னையில் இருக்கிற தேசியப் பல்லுயிர் ஆணையம் முன்கூட்டியே ஒப்புதல் தரணும். ஆய்வு முடிவை வெளிநாட்டவருக்குக் கொடுக்கவும் ஆணையத்தோட ஒப்புதல் வேணும். இத்தனைக்கும் ஏற்காட்டிலேயே தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தோட ஆர்க்கிட் தோட்டம் இருக்கு, போய்க் கேட்டாலே சொல்லியிருப்பாங்க.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
இலை விஷயத்தில் நீங்க சொல்றதை ஏத்துக்கிறேன் தம்பி. எங்க திட்டத்திலும் இலை மாதிரி அனுப்புறதா இருந்துச்சு, ஒருத்தரும் இதை எனக்குச் சொல்லலை. பண விஷயத்தில் என் கருத்து மாறலை. சின்னத் தொகைக்கு வாங்கினப்புறம் கணக்குக் காட்டினாப் போதும்னு விதி வரணும்.

கணக்குப் பிரிவு:
விதி வர்றப்ப வரட்டும் சார். இப்போதைக்கு முன் அனுமதி கேக்குறதுக்கு எஃப்.சி.-3பி விண்ணப்பம் இருக்கு. கொடையாளரோட உறுதிக் கடிதத்தில் தொகையும் நோக்கமும் தெளிவா எழுதி வாங்குங்க. அடுத்த பூவுக்கு முன்னாடி முடியணும்னா ஐப்பசியிலேயே போட்டுடுங்க. படிவம் நிரப்ப நான் வர்றேன்.