கெர்னிங், டிராக்கிங், லீடிங்: எதைத் திருத்துவது?

கேள்வி:
வணக்கம். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஏ5 அளவு புத்தக அட்டை ஒன்று செய்து அச்சகத்துக்கு அனுப்பினேன். "தலைப்புல கெர்னிங் பாருங்க, லீடிங் இடிக்குது, பிளீட் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தலைப்பு 40 பாயின்ட்: மேல்வரி 'வீட்டுத் தோட்டக்', கீழ்வரி 'கொடிகள்'. டிராக்கிங்கை 100 வைத்துப் பார்த்தேன், இன்னும் மோசம். எதை எங்கே மாற்றுவது?

பதில் 1:
முதலில் டிராக்கிங்கை 0 ஆக்குங்கள். அது எல்லா எழுத்துகளையும் ஒரே அளவில் விலக்கும். எண் எழுத்தளவின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிக்கும்; 40 பாயின்டில் 100 என்றால் ஒவ்வோர் இடைவெளியிலும் 4 பாயின்ட் கூடும். தமிழில் இது ஆபத்து: 'கொ'வின் கொம்பும் காலும் தனித்தனியாக விலகி நிற்கும்.

கெர்னிங் என்பது குறிப்பிட்ட இரண்டு எழுத்துகளுக்கு இடையே மட்டும். 'தோட்டக்' பாருங்கள். 'ட'வின் வலப்பக்கம் மேலே வெறுமையாக இருப்பதால் 'க்' தள்ளி நிற்பதுபோலத் தெரியும். நடுவில் கர்சரை வைத்து -20, -40 என்று குறைத்துப் பாருங்கள். கண்தான் அளவுகோல், எண் அல்ல.

லீடிங் வரிக்கு வரி உள்ள தூரம். ஆட்டோவில் விட்டால் 120%, அதாவது 48 பாயின்ட். மேலே 'த்'தின் வால் இறங்குகிறது, கீழே 'டி'யின் வளைவு ஏறுகிறது, இடிக்கத்தான் செய்யும். நான் என்றால் 54-க்குக் குறைக்க மாட்டேன்.

பதில் 2:
பிளீட்: வெட்டும் கோட்டுக்கு வெளியே நாலு பக்கமும் 3 மி.மீ. பின்னணியை நீட்டுங்கள். ஏ5-இன் 148×210 மி.மீ. என்பது 154×216 ஆகும். பின்னணியை மட்டும்தான், எழுத்தை அல்ல.

கேட்டவர்:
இடைவெளியெல்லாம் சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் பின்னட்டையில் ஒட்டிய பத்தியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. எழுத்துரு யூனிகோடுதான்.

பதில் 1:
அது எழுத்துருவின் குற்றமில்லை. பத்தியைத் தேர்வு செய்து, பாராகிராஃப் பேனல் மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' போடுங்கள். எழுத்துகளை வரியில் அடுக்கும் கருவிதான் கம்போசர். வேறு கோப்பிலிருந்து ஒட்டும்போது பழைய கம்போசரும் சேர்ந்து வந்துவிடும், எரிச்சல்தான்.

கேட்டவர்:
வந்துவிட்டது! கடைசியாக, எழுத்தை அவுட்லைன், அதாவது வெறும் வடிவங்களாக ஆக்கி அனுப்ப வேண்டுமா?

பதில் 2:
பிடிஎஃப்பில் எழுத்துரு எம்பெட் ஆகியிருந்தால், அதாவது கோப்புக்குள்ளேயே சேர்ந்திருந்தால், தேவையில்லை. அச்சகம் கேட்டால் மட்டும், அதுவும் நகலில் செய்யுங்கள். அப்புறம் எழுத்துப்பிழை திருத்த முடியாது. அப்படியே எக்ஸ்போர்ட்டில் 'யூஸ் டாக்குமென்ட் பிளீட் செட்டிங்ஸ்' டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது இல்லையென்றால் போட்ட பிளீட் பிடிஎஃப்பில் வராது.