பேர் இல்லாத வால்வு ஆம்ப்ளி, என்ன செட்டுன்னு தெரியணும் (சுங்கை சிப்புட்)

தீச்சட்டி88:
கொஞ்சம் அவசரம். தோட்டத்துக் கோயில் ஸ்டோர்ல பழைய வால்வு ஆம்ப்ளி (கண்ணாடிக் குழாய் வச்ச ஒலிபெருக்கி) ஒன்னு கிடக்கு. பேரும் இல்ல, நம்பரும் இல்ல. ஒரு ஆளா தூக்க முடியல. பெரிய வால்வு மூனு, சின்னது ரெண்டு, ஒரு சின்ன சாக்கெட் காலி. என்ன கம்பெனி? திருவிழாவுக்கு ஓட்டலாமா?

சாலிடர்துளி:
கரண்ட் குடுத்துட்டீங்களா? இல்லன்னா குடுக்காதீங்க. பின்னாடி ஸ்பீக்கர் டெர்மினல்ல என்ன எழுதியிருக்கு? மைக் சாக்கெட் இருக்கா? அடித்தகட்டைக் கழட்டி ஒரு படம் போடுங்க.

ஈப்போஒலி:
பெரிய வால்வு ரெண்டும் ஒரு ரெக்டிஃபையரும் (ஏசியை டிசியா மாத்துற வால்வு)னா இங்கிலாந்து குவாட் கம்பெனியோட குவாட் 2 ஆம்ப்ளிதான். கேடி66 வால்வு. தம்பி, யார் கேட்டாலும் வித்துடாதீங்க.

கிரிட்லீக்:
"வீட்டு வாசல்ல ஒரு வண்டி நிக்குது, சக்கரம் நாலு, என்ன வண்டி?" இந்தக் கேள்விக்கும் உடனே ஒரு பதில் வந்துடுது பாருங்க. ஈப்போ அண்ணே, குவாட் 2ல நாப் கிடையாது, மைக் சாக்கெட் கிடையாது. அதெல்லாம் தனிப் பெட்டியில இருக்கும். தம்பி, முன்பக்கம் எத்தனை நாப்?

தீச்சட்டி88:
நாலு நாப். மைக் ரெண்டு. பின்னாடி 0, 7.5, 15, 100வி.

கிரிட்லீக்:
இதை முதல்லயே சொல்லியிருந்தா பாதி வேலை மிச்சம். 100வி இருந்தா அது பிஏ செட் (கூட்டத்துக்கு மைக் கட்டுற செட்), வீட்டுல பாட்டு கேக்கிற ஆம்ப்ளி இல்ல. தோட்டத்து ஆளுங்க கூடுற பெரட்டுக் களத்துலயும் கோயில்லயும் தூரத்துக்கு ஒயர் இழுத்து ஹார்ன் கட்டுறதுக்குன்னே செஞ்சது. 7.5, 15ன்னு ஓம் போடுறது இங்கிலீஷ்காரன் பழக்கம். ஆனா அதை வச்சு இங்கிலாந்துல செஞ்சதுன்னு முடிவு கட்டாதீங்க. டிரான்ஸ்பார்மரை அங்கிருந்து வரவழைச்சு இங்கயே கடையில கட்டியிருக்கலாம். சேசிஸ் ஓட்டையெல்லாம் கையால ராவின மாதிரி கோணலா இருந்தா அதுதான்.

இனி வால்வு. மேல இருக்கிற எழுத்து அழிஞ்சிருந்தா சாக்கெட்டைப் பாருங்க. அடிப்பக்கத்துல இருந்து பார்க்கையில, நடு ஓட்டையில இருக்கிற பள்ளத்துல இருந்து கடிகாரம் சுத்துற பக்கமா எண்ணினா பின் நம்பர் 1, 2, 3ன்னு வரும். 1ம் 8ம் ஒரு துண்டு ஒயர்ல சேர்ந்திருந்தா ஈஎல்34ங்கிற பவர் வால்வுக்குன்னு செஞ்சது. ஏன்னா அதுல மூணாவது கிரிட் (உள்ள இருக்கிற கம்பி வலை) 1ல தனியா வெளிய வருது, அதை 8ல இருக்கிற கேத்தோடோட சேர்த்தாகணும். 1 சும்மா இருந்தா 6எல்6, கேடி66 மாதிரி ஏதாவது.

சாலிடர்துளி:
கண்ணாடியில அடியோட ஒட்டி, எறும்பு ஊர்ந்த மாதிரி சாம்பல் நிறத்துல ரெண்டு வரி பொடி எழுத்து இருக்கும். வாயால ஊதி, டார்ச்சை பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க. துணியால தேய்க்காதீங்க, மேல மிச்சம் இருக்கிற வெள்ளை அச்சும் போயிடும்.

காலி சாக்கெட்ல 4ம் 5ம் சேர்ந்திருக்கான்னும் பாருங்க. சேர்ந்து, ஹீட்டரோட (வால்வைச் சூடாக்குற கம்பி) இன்னொரு ஒயர் 9க்குப் போனா இசிசி83 வகை. ஹீட்டர் 4க்கும் 5க்கும் நடுவுல தனியா ஓடினா ஈஎஃப்86 மாதிரி வேற வால்வு.

ரப்பர்க்கொட்டை:
எதுக்கு இவ்வளவு? சுவிட்ச் போட்டா தெரிஞ்சிடும்.

கிரிட்லீக்:
புகையும் தெரியும். முதல்ல எல்லா வால்வையும் கழட்டு. லைவ் ஒயர்ல 60 வாட் குண்டு பல்பை சீரிஸ்ல போடு, எல்இடி வேலைக்கு ஆகாது. பல்பு மின்னி அடங்கினா டிரான்ஸ்பார்மர் நல்லது. பிரகாசமா எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ள ஷார்ட், அதோட நிறுத்திடு.

அடுத்து, பவர் வால்வு ரெண்டு மட்டும் வெளிய, மத்தது உள்ள. பல்பு அப்படியே இருக்கட்டும். மீட்டர் கம்பியை முன்னாடியே கிளிப் போட்டு மாட்டிட்டு, பவர் வால்வு சாக்கெட்ல கிரிட் வர்ற 5ம் பின்னுக்கும் சேசிஸுக்கும் அளந்து பாரு. சைபரோ மைனஸோ காட்டணும். பிளஸ்ல ஒரு வோல்ட் காட்டினாலும் அந்த கிரிட்டுக்குப் போற பேப்பர் கண்டென்சர் கசியுது. அப்படியே வால்வைச் சொருகினா தகடு சிவந்து போயிடும். லோடு இல்லாம வோல்டேஜ் ஏறும், ஒரு நிமிஷத்துக்கு மேல விடாத. அணைச்ச பிறகு 2.2கே 10 வாட் ரெசிஸ்டர் வச்சு பெரிய கண்டென்சரை இறக்கி, மீட்டர்ல பார்த்துட்டுத்தான் கை வைக்கணும். 400 வோல்ட்டுக்கு தம்பி அண்ணன்லாம் தெரியாது.

ஈப்போஒலி:
பேப்பர் கண்டென்சரை மாத்தினா அந்தப் பழைய சத்தம் போயிடும். ஒரிஜினலா இருந்தாத்தான் விலை.

சாலிடர்துளி:
கசியற கண்டென்சருக்கு என்ன சத்தம் அண்ணே? ஹார்ன்ல தேவாரம் போடப் போறாங்க. வால்வு செத்தா விலையும் சேர்ந்து போகும்.

ஈப்போஒலி:
காது இருக்கிறவனுக்குத் தெரியும்.

கிரிட்லீக்:
இதுக்கு தனி இழை போட்டுச் சண்டை போடுங்க. தம்பி, முக்கியமானது ஒன்னு: ஸ்பீக்கர் மாட்டாம வால்வு ஆம்ப்ளியை ஓட்டாத, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் பொறி பறக்கும். 100விக்கு நேரா 8 ஓம் ஸ்பீக்கரையும் மாட்டாத. 30 வாட் செட்டுக்கு அந்த டெர்மினல்ல 330 ஓம் தெரியணும். ஒவ்வொரு ஹார்னுக்கும் ஒரு லைன் டிரான்ஸ்பார்மர், அதை 10 வாட் டேப்புல (முனையில) வச்சா மூனு ஹார்ன், அதுக்கு மேல வேணாம்.

தீச்சட்டி88:
1ம் 8ம் சேர்ந்திருக்கு. கண்ணாடியில எக்ஸ்எஃப்2, அதுக்குக் கீழ பி2டி1. பல்பு அடங்கிடுச்சு. 5ல ஒரு பக்கம் 0, இன்னொரு பக்கம் பிளஸ் 11.

சாலிடர்துளி:
எக்ஸ்எஃப்னா ஈஎல்34. பி, இங்கிலாந்து பிளாக்பர்ன்ல இருந்த முல்லார்ட் கம்பெனி ஆலை. 2ன்னா வருஷத்தோட கடைசி எண், டி ஏப்ரல், 1 முதல் வாரம். ஆனா அது வால்வோட வயசு, செட்டோட வயசு இல்ல. வால்வு எத்தனை தடவை மாறியிருக்கோ. சாலிடர் கை படாத கண்டென்சர்லயோ டிரான்ஸ்பார்மர்லயோ தேதி இருந்தா அதை நம்பலாம்.

அந்த 11 வோல்ட்டுக்கு: பவர் வால்வு கிரிட்டுக்குப் போற கண்டென்சர் ரெண்டையும் சேர்த்து மாத்துங்க, 0.1 மைக்ரோ, 630 வோல்ட். ஒன்னை மட்டும் மாத்தினா அடுத்த மாசம் மத்தது. கே.எல். ஜாலான் பசார்ல கிடைக்கும்.

தீச்சட்டி88:
நன்றி அண்ணே. திருவிழாவுக்கு வாடகை செட் சொல்லியாச்சு. இதை அப்புறம் பார்க்கிறேன்.

சாலிடர்துளி:
அந்தக் காலி சாக்கெட்ல 4ம் 5ம் சேர்ந்திருக்கா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?