ஸ்டேக்கை எவ்வளவு நேரம் ஊறவைக்கலாம்?

கேள்வி: போன தடவை ஸ்டேக்கை, அதாவது தடிமனான மாட்டிறைச்சித் துண்டை, எலுமிச்சைச் சாறு, பூண்டு, எண்ணெய் கலந்து ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். மேல்பக்கம் கொழகொழவென்று ஆகி, கிரில்லில் நிறமே ஏறவில்லை. எங்கே தப்பு? தொட்டுக்கொள்ளவும் சுலபமாக ஏதாவது சொல்லுங்கள்.

பதில் 1: எலுமிச்சைதான் காரணம். புளிப்பு ரொம்ப நேரம் பட்டால் மேல்பரப்பு கூழாகும், உள்ளேயும் பெரிதாக இறங்காது. சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி, எண்ணெய் 2, நசுக்கிய பூண்டு, மிளகு, 2 மணி நேரம் போதும். அப்புறம் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்துவிட்டுப் போடுங்கள், ஈரமாகப் போட்டால் வேகுமே தவிர சிவக்காது.

பதில் 2: கொழுப்போடிய நல்ல துண்டு என்றால் ஊறவைக்கவே வேண்டாம், 40 நிமிடம் முன்னால் உப்பு தடவினால் சரி. தொட்டுக்கொள்ள அர்ஜென்டினாக்காரர்களின் சிமிச்சுரி: பார்ஸ்லி, பூண்டு, ஒரிகானோ, காய்ந்த மிளகாய், வினிகர், ஆலிவ் எண்ணெய். மிக்ஸியில் மட்டும் அடிக்காதீர்கள், விழுதாகிவிடும். கத்தியால் பொடியாக நறுக்குங்கள்.

பதில் 3: சோம்பேறி வழி: 100 கிராம் வெண்ணெயில் பூண்டும் பார்ஸ்லியும் பிசைந்து, உருட்டி ஃபிரிட்ஜில் வைத்து, சுடச்சுட ஸ்டேக் மேல் ஒரு வில்லை.

கேட்டவர்: மிஞ்சிய ஊறல் சாற்றை மேலே ஊற்றலாமா?

பதில் 1: பச்சை இறைச்சி ஊறியது, கொதிக்க வைக்காமல் வேண்டவே வேண்டாம்.