நீலகிரியா, கொடைக்கானலா? ஓய்வுக்கால வீட்டுக்கு மலையில் இடம் தேடுகிறவர்களுக்கு

வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆவதற்குள்ளேயே நம் பிள்ளைகள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். "கடைசிக் காலத்தில் ஊர் திரும்பினால் மலையில்தான் இருக்க வேண்டும். நீலகிரியில் வாங்கலாமா, கொடைக்கானலில் வாங்கலாமா?" கோத்தகிரியிலும் குன்னூரிலும் கட்டட மேற்பார்வை வேலையிலேயே என் வயது கழிந்திருக்கிறது. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வளைகுடாவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் சட்டம். வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பியவர், அந்நியச் செலாவணிச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டில் வசிப்பவர். அப்படிப்பட்டவர் இந்தியாவில் விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு இந்த மூன்றையும் விலைக்கு வாங்க முடியாது. குடியிருப்பு மனையும் வீடும் வாங்கலாம். பரம்பரையாக வருவதைப் பெறலாம். கிளம்புவதற்கு முன்பே வாங்கிய நிலத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் "அரை ஏக்கர் தேயிலை, நடுவில் ஒரு சின்ன வீடு" என்று தரகர் படம் அனுப்புகிறாரே, அது உங்களுக்கு இப்போது விலக்கப்பட்டது. இந்தியக் குடியுரிமையை விடாமல் ஓய்வுக்குத் திரும்பி இங்கேயே வசிக்கத் தொடங்கிய பிறகு அதை வாங்கத் தடையில்லை. அதுவரை உறவினர் பெயரில் வாங்கிப் போடலாம் என்று எண்ணாதீர்கள். அந்த வழியில் போய் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இனி மழை. மலை என்றால் ஒரே குளிர், ஒரே மழை என்று சமவெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நீலகிரியை மட்டும் எடுத்துக்கொண்டாலே இரண்டு முகம். மேற்கே கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. சென்னையில் ஒரு வருடத்தில் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் அது. கிழக்கே குன்னூர், கோத்தகிரி பக்கம் ஜூலையில் சாரல்தான். அங்கே பயப்பட வேண்டியது வடகிழக்குப் பருவமழையின் அக்டோபர், நவம்பர் மாதங்களுக்கு. 1978 நவம்பரும், குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலம் என்ற இடத்தில் மண் சரிந்த 1993 நவம்பரும், நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன 2009 நவம்பரும் இந்தப் பக்கத்து வயதானவர்களுக்கு இன்றும் தேதியோடு நினைவில் இருக்கின்றன. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்கும் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். 2018இல் கஜா புயல் நாகப்பட்டினத்தில் கரையேறி, கொடைக்கானல் வரை வந்து மரங்களைச் சாய்த்துச் சாலைகளை அடைத்தது. கடலுக்கு எட்டாத ஊர் என்பதால் புயலுக்கும் எட்டாது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

பந்தலூர் பக்கம் மனை மலிவாகக் கிடைக்கிறதே என்று துபாயிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். 2024 ஜூலை 30 அன்று கேரளத்தின் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையில் நிலச்சரிவு என்ன செய்தது என்று நாடே பார்த்தது. அந்த வயநாடு பந்தலூர் தாலுகாவை ஒட்டியே இருக்கிறது. மழையும் மலையும் எல்லைப் பலகையைப் பார்த்து நிற்பதில்லை. மேலும் கூடலூர், பந்தலூர் பகுதியில் ஜென்ம நிலச் சிக்கல், அதாவது பழைய ஜென்மி நிலவுடைமையாளர்களிடம் இருந்த நிலம் யாருக்கு என்ற சிக்கல், இன்னும் தீரவில்லை. 1969ஆம் ஆண்டு ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் நிலங்களில் தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கே பட்டா கிடைக்கவில்லை. அங்கே புதிதாக வாங்கப் போகிற உங்களுக்கு நான் சொல்லக்கூடியது, வேண்டாம் என்பதுதான்.

ஊரைத் தேர்ந்துவிட்டீர்கள் என்றால் பாதி வேலைதான் முடிந்தது. ஒரே ஊரில் நூறு வருடமாக அசையாமல் நிற்கும் வீட்டுக்கு இருநூறு அடி தள்ளி, இரண்டு மழைக்குத் தாங்காத மனை இருக்கும். நீலகிரியில் ஆபத்தான இடங்கள் என்று 283 இடங்களைக் கணக்கெடுத்து நிர்வாகம் மழைக்காலம்தோறும் கண்காணிக்கிறது. உங்கள் மனை அந்தப் பட்டியலில் வரும் இடத்திலோ அதற்குக் கீழேயோ இருக்கிறதா என்று வருவாய்த் துறையிடம் கேளுங்கள். பட்டியலில் இல்லை என்றாலும் அதோடு விடாமல் நேரில் போய்ச் சரிவைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? சில்வர் ஓக் மரங்களின் அடியைப் பாருங்கள். அடிமரம் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து, பிறகு வளைந்து நிமிர்ந்து நின்றால், அந்த மண் பல வருடமாக மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு மரம் அப்படி இருந்தால் அது காற்றின் வேலையாக இருக்கலாம். வரிசையே அப்படி இருந்தால் மனையை விட்டுவிடுங்கள். தேயிலை நிரை நேராக ஓடிவந்து ஓரிடத்தில் உடைந்து ஒரு முழம் கீழே இறங்கித் தொடர்கிறதா என்றும் கவனியுங்கள்.

அடுத்தது தடுப்புச் சுவர். மலையில் வீட்டை விட அதற்குப் பின்னால் நிற்கும் சுவர்தான் முக்கியம். சுவரில் வரிசையாகக் குழாய்த் துளைகள் விட்டிருப்பார்கள், மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியே வருவதற்காக. இரண்டு நாள் நல்ல மழை பெய்த மறுநாள் காலை போய் அந்தத் துளைகளில் கை வைத்துப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் சொட்டினால் சுவர் தன் வேலையைச் செய்கிறது. கலங்கல் தண்ணீர் வந்தால் பின்னாலிருக்கும் மண் கரைந்து வெளியேறுகிறது. ஒன்றுமே வராமல் உலர்ந்திருந்தால் துளை அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அத்தனை தண்ணீரும் உள்ளே தேங்கிச் சுவரை நெட்டித் தள்ளிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் சுவர் சரிந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால், மேலே யாரோ தளம் போட்டு நீரோட்டத்தைத் திருப்பியிருப்பார்கள், அல்லது துளைகளில் சிமெண்ட் பூசி அடைத்திருப்பார்கள். அழகுக்காக அடைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பள்ளத்தை மண் கொட்டி நிரப்பிச் சமமாக்கிய மனை பார்க்க அருமையாக இருக்கும், குழந்தைகள் பந்து விளையாடலாம் போல. அது பழைய நீரோடையாக இருந்தால், மழை வந்ததும் தண்ணீர் தன் வழியைக் கேட்கும். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் அந்த இடத்தை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அங்கே ஊற்று இருந்ததா என்று விசாரியுங்கள். பழைய ஹட்டிகள், அதாவது படுகர் மக்களின் ஊர்கள், பெரும்பாலும் குன்றின் தோள்பட்டையில், தண்ணீர் இருபக்கமும் வழிந்தோடுகிற மேட்டில் அமைந்திருக்கின்றன. அப்படி ஒரு ஹட்டியை ஒட்டிய இடம் கிடைத்தால் விலை கொஞ்சம் கூட இருந்தாலும் யோசிக்காதீர்கள்.

நிலநடுக்கத்தைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: இமயமலை போன்ற ஆபத்து இங்கே இல்லை, முற்றிலும் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறக்குறைய 6 ரிக்டர் அளவில் ஒன்று வந்திருக்கிறது. கட்டும்போது பொறியாளரிடம் சொல்லி அதற்கேற்ற கம்பி போடுங்கள், போதும். காட்டுத்தீ வேறு. பிப்ரவரி முதல் மே வரை காய்ந்த காலத்தில் சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் தோப்புகளை ஒட்டிய வீடுகளுக்கு அது உண்மையான ஆபத்து. 2024 மார்ச்சில் குன்னூர் ஃபாரஸ்ட்டேல் பகுதியில் பற்றிய தீயை அணைக்க ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் கொட்ட வேண்டியிருந்தது. வீட்டைச் சுற்றிச் சருகு இல்லாத வெற்றிடம் வேண்டும். "மரங்களுக்கு நடுவே வீடு" என்ற ஆசையை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

குளிரை இளவயதில் ரசிக்கலாம். எழுபதில் மூட்டும் மூச்சுக்குழாயும் பதில் சொல்லும். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2100 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஆஸ்துமாவோ இதய நோயோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அங்கே குடியேறக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் தாழ்வான இடங்களில், தலைகுந்தா, காந்தல் போன்ற பகுதிகளில் புல்வெளி வெளுத்து உறைபனி கிடக்கும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்குவதுதான் காரணம். அதே இரவில் மேட்டில் இருக்கும் வீட்டில் அந்தக் கடுமை இருக்காது. குன்னூர் சுமார் 1850 மீட்டர், கோத்தகிரியும் ஏறக்குறைய அதே உயரம். பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் இன்னும் தாழ்வு. காப்பி விளைகிற உயரம் வயதானவர்களுக்கு நல்ல உயரம் என்பது என் கருத்து. சுவரில் பூஞ்சை பிடிப்பதும் துணி காயாமல் கிடப்பதும் எல்லா இடத்திலும் உண்டு. கிழக்கு வெயில் படும் வீடாகப் பார்த்தால் பாதி குறையும்.

சாலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் அதைத்தான் அதிகம் பார்க்கிறேன். கொடைக்கானல் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வத்தலக்குண்டிலிருந்து வரும் சாலை, பழனியிலிருந்து வரும் சாலை, பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக வரும் சாலை மூன்றும் பெருமாள்மலைப் பக்கம் வந்து சேர்கின்றன. அதற்கு மேலே நகரம் வரை ஒரே கழுத்துதான். அங்கே ஒரு மரம் விழுந்தால் மேலே இருப்பவர்கள் காத்திருக்க வேண்டும். நீலகிரிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழி, கோத்தகிரி வழி, காரமடையிலிருந்து மஞ்சூர் வழி, அந்தப் பக்கம் கூடலூர் வழி என்று பல வாசல்கள். குன்னூர்ச் சாலை சரிந்தால் கோத்தகிரி வழியாக ஆம்புலன்ஸ் இறங்கும். மைசூர்ப் பக்கம் மட்டும் பந்திப்பூரில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை இருப்பதை நினைவில் வையுங்கள்.

மருத்துவமனைக் கணக்கும் இதோடு சேர்ந்தது. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 700 படுக்கைகளோடு 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது, பெரிய ஆறுதல். ஆனாலும் மாரடைப்பு, பக்கவாதம் என்றால் கோயம்புத்தூரைத்தான் பலரும் நம்புகிறார்கள். கோத்தகிரியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் மலையடிவார மேட்டுப்பாளையம் முப்பது சொச்சம் கிலோமீட்டர், அதற்கு அப்பால் கோயம்புத்தூருக்குச் சமவெளிச் சாலைதான். கொடைக்கானலிலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். என் ஓட்டு கோத்தகிரிக்கு விழுவதற்கு ஊர்ப்பற்று ஒரு காரணம் என்று வைத்துக்கொண்டாலும், இந்த முப்பது கிலோமீட்டர்தான் பெரிய காரணம்.

கட்டுவதாக இருந்தால் விதிகள் கடுமை. மலைப்பகுதியில் ஏழு மீட்டர் உயரத்துக்கு மேல் எழுப்ப முடியாது. வனம், கனிமவளம், வேளாண் பொறியியல் துறைகளின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். மண் அள்ளும் இயந்திரத்துக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் அனுமதி வேண்டும். இதையெல்லாம் "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று சொல்லும் தரகரை விட்டு விலகுங்கள். விதி இருப்பதால்தான் இந்த மலை இந்த அளவுக்காவது நிற்கிறது. பத்திரத்தில் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நிபந்தனைப் பட்டாவா (விற்கக் கட்டுப்பாடு உள்ளது), தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறதா, யானை வழித்தடத்தில் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். நீலகிரியில் சீகூர் பக்கம் யானை வழித்தடத்தில் கட்டிய விடுதிகள் 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைக்கப்பட்டன.

மெல்போர்னில் இருக்கும் ஒரு தங்கை கேட்டது: "அப்பா அம்மாவை இப்போதே மலையில் குடிவைத்தால் நாங்கள் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளலாமா?" தங்கையே, பெற்றோருக்கு எழுபது தாண்டிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். பேருந்து நிறுத்தத்துக்கும் மருந்துக்கடைக்கும் நடக்கும் தூரத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். பிப்ரவரி முதல் மே வரை அங்கே இருக்கட்டும், மழை தொடங்குமுன் கீழே இறங்கிவிடட்டும். மாலையில் தேயிலைத் தோட்ட ஓரம் கரடி வரும், காட்டெருமை வாசலில் நிற்கும், ஆறு மணிக்கு மேல் நடைப்பயிற்சி வேண்டாம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் இருக்கிறது. உங்கள் உறவினர்கள் பார்க்க வரும்போது முன்கூட்டியே எடுக்கட்டும்.

நீங்கள் விடுமுறைக்கு வரும்போது, தயவுசெய்து ஏப்ரல், மே மாதங்களில் இடம் பார்க்காதீர்கள். அப்போது எல்லா மனையும் நன்றாகத்தான் இருக்கும். தீபாவளிக்கு வருகிறீர்கள் அல்லவா, அந்த விடுப்பைச் சற்று நீட்டித்து நவம்பரில் மலையில் வாடகைக்குத் தங்குங்கள். இரவு மின்சாரம் போகும், பால் வண்டி தாமதமாகும், ரயில் நிறுத்தப்படும். அந்த நாட்களில் வீட்டில் இருப்பவர்களுக்குப் பிடித்திருந்தால் பிறகு விலை பேசலாம். நேரில் வர முடியாமல் பொது அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால் தூதரகத்தில் கையெழுத்துச் சான்று பெற்று அனுப்புங்கள். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அந்தப் பத்திரத்தில் இந்த ஒரு மனையை வாங்குவதற்கு மட்டும் அதிகாரம் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தை யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள்.