புதுப்பிப்பு: அந்தப் பழைய கேரவன் வேனைப் போய்ப் பார்த்தாச்சு

நாகப்பட்டினத்தில் ஒரு பழைய டெம்போ டிராவலர், படுக்கை, சமையல் மேடை எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றியது, வாங்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேனே, நேற்று கும்பகோணத்திலிருந்து மெக்கானிக் அண்ணனோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வாங்கவில்லை. எஞ்சின் அருமை. ஆனால் கூரை ஓரத்து பிளைவுட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஊறின ரஸ்க் மாதிரி உள்ளே போகிறது, மேலே புது ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருக்கிறார்கள். அண்ணன் அடியில் படுத்து டார்ச் அடித்தார், உப்புக்காற்றில் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. டயரில் இருக்கிற தயாரிப்புத் தேதி எண் 2316, அதாவது 2016-இன் 23-ஆவது வாரம். பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் மேடுகள், தேயவில்லை, ஆனால் பழசானதால் பக்கவாட்டு ரப்பரில் வெடிப்பு விட்டிருக்கிறது. அப்புறம் ஆர்சி (வண்டிப் பதிவுச் சான்று), இதுதான் முக்கியம்: உள்ளே செய்த மாற்றத்தை ஆர்டிஓவில் பதியவே இல்லை, எஃப்சிக்கும் (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) இன்சூரன்ஸ் கிளெய்முக்கும் அது பெரிய தலைவலி. அடுத்து ஒன்று தஞ்சாவூரில் இருக்கிறதாம், நல்ல மழை பெய்த மறுநாளாகப் பார்த்துப் போகிறேன், ஒழுகல் இருந்தால் தெரிந்துவிடும்.