லேயர்ட் கற்றலிஸ்ட்: அடுக்கா, படையா, கோதா?

மடல் 1: வெள்ளவத்தையிலிருந்து, ஓர் இரசாயனவியல் ஆசிரியை

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உயர்தர வகுப்பு மாணவர்களுக்கான சஞ்சிகை ஒன்றுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கலந்த தொகுப்பு வாயுவிலிருந்தும் மெதனோலிலிருந்தும் கைத்தொழிலுக்கு வேண்டிய ஐதரோக்காபன்களைத் தயாரிப்பது பற்றியது. இரண்டு மூன்று ஊக்கிகளைச் சேர்த்து வைத்து, வாயுவை நிறுத்தாமல் செலுத்தும் முறை. 'லேயர்ட் கற்றலிஸ்ட்' என்பதற்கு 'அடுக்கு ஊக்கி' என்றும், 'கொன்ரினியூவஸ் ஃப்ளோ ரியாக்டர்' என்பதற்குத் 'தொடரோட்ட உலை' என்றும் இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மடல் 2: சென்னையிலிருந்து

வணக்கம் அம்மா. இங்கே பாடநூல்களில் 'வினையூக்கி'தான். வெறும் ஊக்கி என்றால் எதை ஊக்குவது என்று கேட்கத் தோன்றும். 'படல வினையூக்கி' என்று போடலாமே? உலையில் பிழை இல்லை, அணுவுலை என்கிறோம் அல்லவா. ஆனால் 'தொடரோட்டம்' வேண்டாம். எங்கள் ஊரில் அது பிள்ளைகள் கையில் கோலை மாற்றி மாற்றி ஓடும் பந்தயம்.

மடல் 3: கொழும்பிலிருந்து, ஓய்வுபெற்ற இரசாயனப் பொறியியலாளர்

ரீச்சருக்கும் சென்னை நண்பருக்கும் வணக்கம்.

ஊக்கியா வினையூக்கியா என்ற பழைய வழக்கை மறுபடி திறக்க வேண்டாம். இங்கே தாக்கம், அங்கே வினை; இங்கே அமுக்கம், அங்கே அழுத்தம். சஞ்சிகை நம் பிள்ளைகளுக்கு, அவர்கள் பரீட்சையில் எழுதுவது ஊக்கி. அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் பந்தயத்தை நாங்கள் அஞ்சலோட்டம் என்போம், ஆனாலும் உங்கள் ஆட்சேபம் நியாயமானது. 'தொடர்பாய்ச்சல்' என்று வைத்துக்கொள்வோம். பாய்ச்சல் வீதம் என்று மாணவர்கள் ஏற்கெனவே படிக்கிறார்கள்.

உலையை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொழும்புக்கு அருகே சப்புகஸ்கந்தையிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் 1969 இல் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 50,000 பீப்பாய் மசகெண்ணெய் அதன் கொள்ளளவு. அந்த மாதிரி நிலையம் எதற்குள் போனாலும் உண்மையான உலை ஒன்று எரிந்துகொண்டிருக்கும். மசகெண்ணெயின் இலேசான பகுதியான நப்தாவை ஊக்கியால் சீர்ப்படுத்தி உயர்தரப் பெற்றோல் ஆக்கும் தொகுதியைப் பாருங்கள். அது அகவெப்பத் தாக்கம். ஊக்கி நிரம்பிய பாத்திரத்தைக் கடந்து வரும்போதே வாயு குளிர்ந்துவிடும். மறுபடி உலையில் சூடாக்கி அடுத்த பாத்திரத்துக்கு விடுவார்கள். பிறகு இன்னோர் உலை, இன்னொரு பாத்திரம். இரண்டுக்கும் உலை என்றே பெயர் வைத்தால் தொழிலாளி எதன் வால்வைத் திறப்பது? 'தாக்கி' என்று வைக்கலாம் என்றால் அதைத் தாக்கமடையும் பொருளுக்குக் கொடுத்துவிட்டோம். 'தாக்கக்கலம்' என்றால் கலம் நம் பாடநூலில் உயிர்க்கலம், மின்கலம். ஆகவே ஒற்றை எழுத்தை மாற்றித் 'தாக்கக்கலன்'. தொடர்பாய்ச்சல் தாக்கக்கலன். கொஞ்சம் நீளம்தான், இரண்டாம் தடவையிலிருந்து 'கலன்' என்று மட்டும் எழுதினால் போதும்.

இனித்தான் பெரிய சிக்கல். ஆங்கிலத்தில் 'லேயர்ட்' என்று ஒரே சொல்லால் மூன்று வேறு பொருள்களைச் சொல்கிறார்கள். நாமும் ஒரே சொல்லை வைத்தால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்கிறோம்.

முதலாவது, மீற்றர் அளவில் நடப்பது. ஒரு குழாய்க்குள் ஓர் ஊக்கியை இவ்வளவு உயரத்துக்கு நிரப்பி, அதன்மேல் இன்னொன்றை நிரப்புவது. வாயு முதலில் எதைச் சந்திக்கிறது, பிறகு எதைச் சந்திக்கிறது என்பதே இங்கே எல்லாம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கும் பாத்திரத்தில் இந்த முறைக்குப் பொருளே இல்லை. பாய்ச்சல் இருந்தால்தான் மேல் கீழ் என்பது முன் பின் என்று ஆகும். எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கந்தகத்தை நீக்கும் கலன்களின் மேற்பகுதியில் மலிவான காவல் ஊக்கியைப் போடுவார்கள். அழுக்கையும் உலோகங்களையும் அது வாங்கிக்கொள்ளும், கீழேயுள்ள விலைகூடிய ஊக்கி பிழைக்கும்.

மெதனோலிலும் இந்த வரிசைதான் வேலை செய்கிறது. நியூசிலாந்தின் மொட்டுநுயியில் 1985 இல் தொடங்கிய ஆலை மெதனோலிலிருந்து நாளொன்றுக்கு 14,500 பீப்பாய் அளவில் பெற்றோல் செய்தது. முதலில் அலுமினா, மெதனோலிலிருந்து நீரைப் பிரித்து இருமெதைல் ஈதரைத் தரும். அதன் பிறகுதான் மொபில் நிறுவனம் கண்டுபிடித்த இசட்எஸ்எம்-5 என்ற சியோலைற்று, அதாவது நுண்டுளைகள் நிறைந்த அலுமினோசிலிக்கேற்றுப் பளிங்கு, ஐதரோக்காபன்களை உண்டாக்கும். தாக்கம் கடுமையான புறவெப்பத் தாக்கம் என்பதால் வெப்பத்தின் ஒரு பகுதியை முதற்படியிலேயே வெளியேற்றிவிடுகிறார்கள். அங்கே இரண்டு படியும் வெவ்வேறு கலன்களில் நடந்தன. ஒரே குழாய்க்குள் அப்படி நிரப்பினால் அதற்கு 'அடுக்குப் படுக்கை' என்பேன்; படுக்கை என்பது கலனுக்குள் ஊக்கி நிரம்பிய பகுதி. அடுக்குவது என்பது நாம் கையால் செய்யும் வேலை. இங்கே நடப்பதும் அதுதான். ஊக்கி அடுக்கப்படுகிறதே தவிர, ஊக்கியே அடுக்கு அல்ல. ஆகவே ரீச்சரின் 'அடுக்கு ஊக்கி'யில் அடுக்கு சரி, ஊக்கி பிழை.

அடுக்குவது எப்போதும் நல்லது என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். தொகுப்பு வாயுவிலிருந்து காபன் சங்கிலிகளை வளர்க்கும் பிஷர்-துரோப்ஷ் முறையில் இரண்டு முதல் நான்கு வரை காபன் அணுக்கள் கொண்ட ஐதரோக்காபன்கள் 58 சதவீதத்துக்கு மேல் வராது என்பது சங்கிலி வளர்ச்சிக் கணக்கு. 2016 இல் சீனாவின் தாலியன் ஆய்வாளர்கள் நாக-குரோமிய ஒட்சைட்டையும் சியோலைற்று வகைப் பொருளொன்றையும் சேர்த்து, ஐதரோக்காபன்களுக்குள் இலேசான ஒலிபீன்களின் (இரட்டைப் பிணைப்புள்ள குறுஞ்சங்கிலிகளின்) பங்கை 80 சதவீதமாக்கினார்கள். காபனோரொட்சைட்டில் 17 சதவீதம்தான் மாற்றமடைந்தது. ஆனால் அங்கே இரண்டும் நெருங்கிக் கலந்திருக்க வேண்டும். தனித்தனி அடுக்காகப் பிரித்து வைத்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒட்சைட்டில் பிறக்கும் இடைநிலைப் பொருளை அடுத்தது உடனே பிடித்துக்கொள்ள வேண்டும் போலும்.

இரண்டாவது, மில்லிமீற்றர் அளவில். ஒவ்வொரு ஊக்கி மணிக்கும் ஒரு மேற்பூச்சு. பிஷர்-துரோப்ஷ் தாக்கத்தில் உண்டாகும் மெழுகு மணியின் நுண்டுளைகளை நிரப்பிவிடும். அதற்குள் ஐதரசன் விரைவாக ஊடுருவும்; காபனோரொட்சைட்டு பின்தங்கும். மணியின் நடுவில் ஐதரசன் விகிதம் கூடி, நீண்ட சங்கிலிக்குப் பதிலாக வீண் மெதேன் வரும். எனவே கோபால்ற்றை மணியின் வெளிப்புறத்தில் மட்டும் மெல்லியதாகப் படியவைப்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு முட்டையின் பெயர்தான். நம்மிடம் முட்டைக்கோது இருக்கிறதே, 'கோதூக்கி' என்போம். ஜப்பானின் தொயாமாவில் செய்தது இதற்கு எதிர்மாறு: உள்ளே கோபால்ற்று, வெளியே சியோலைற்று. உள்ளே உண்டான நீண்ட சங்கிலிகள் வெளியேறும் வழியில் உடைந்தும் கிளைத்தும் பெற்றோலுக்கு ஏற்றவையாகும். இதற்கு 'உறையூக்கி'.

மூன்றாவது, நனோமீற்றர் அளவில், பளிங்கில் அணுக்கள் ஒழுங்காக அமைந்த சாலகத்துக்குள். காரீயத்தின் (பென்சிலில் உள்ள கிராபைற்றின்) படைகள் என்று பாடநூலில் உள்ளது, அவற்றுக்கிடையே 0.335 நனோமீற்றர். நம் நாட்டின் போகலைச் சுரங்கத்துக் காரீயத்தைக் காட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மகனீசியமும் அலுமினியமும் கொண்ட ஐதரோத்தல்சைற்று அந்த மாதிரிப் படைகளால் ஆனது. அற்ககோல் மூலக்கூறுகளை இணைத்துக் காபன் சங்கிலியை நீட்டும் வேலைக்கு அதைச் சூடாக்கிப் பெறும் ஒட்சைட்டைப் பயன்படுத்துகிறார்கள். இதற்கு மட்டும் 'படை' என்ற சொல்லை ஒதுக்குவோம்: 'படைப்பளிங்கு ஊக்கி'. ஓசோன் படை என்று எழுதும் பிள்ளைக்குச் சேனை நினைவு வராது.

மடல் 4: சென்னையிலிருந்து

ஐயா, மூன்றாகப் பிரித்தது மிகவும் சரி. படலத்தை நான் விட்டுவிடுகிறேன். கோதில்தான் இடிக்கிறது. எங்களுக்குக் கோது என்றால் சக்கை, குற்றம். கோதிலாத என்றால் குற்றமில்லாத. நீங்கள் சொல்லும் மணியில் பயனுள்ள உலோகம் முழுவதும் கோதில் இருக்கிறது; எறிய வேண்டியதற்கு வைத்த பெயரைப் போய் அதற்கு வைப்பதா? முட்டையோடு என்பதுதான் எங்கள் வழக்கு. 'ஓட்டூக்கி'?

மடல் 5: வெள்ளவத்தையிலிருந்து

இருவருக்கும் நன்றி. ஓட்டூக்கி என்று வகுப்பில் சொன்னால் எதையோ ஓட்டுகிறோம் என்று நினைப்பார்கள் ஐயா. பின்வரிசை அதைச் சும்மா விடாது. கோது இங்கே வீட்டுச் சொல். சக்கை என்ற பொருளில் என் மாணவர்கள் அதைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். கோதூக்கியையே வைக்கிறேன், முதல் தடவை 'முட்டைக்கோது போல் வெளிப்புறத்தில் மட்டும் உலோகம் படிந்த ஊக்கி' என்று விளக்கிவிட்டு. தமிழ்நாட்டில் யாராவது மறுபதிப்புச் செய்தால் மாற்றிக்கொள்ளட்டும்.

கட்டுரையின் முதல் வரிகளை இப்படித் திருத்தியிருக்கிறேன்: "தொடர்பாய்ச்சல் தாக்கக்கலன் ஒன்றில் வாயு மேலிருந்து கீழே செல்கிறது. அதன் அடுக்குப் படுக்கையில் முதலில் அலுமினாவும் அடுத்துச் சியோலைற்றும் உள்ளன. அலுமினாவைக் கடக்கும்போது மெதனோலின் ஒரு பகுதி ஈதராகிவிடுகிறது."

இன்னும் ஒன்று பாக்கி. ஒரு மணித்தியாலத்தில், ஊக்கிப் படுக்கையின் கனவளவைப் போல் எத்தனை மடங்கு வாயு கலனைக் கடக்கிறது என்பதை 'ஸ்பேஸ் வெலோசிட்டி' என்கிறார்கள். 'வெளி வேகம்' என்று எழுதினால் விண்வெளிக்குப் போய்விடுவார்கள். 'படுக்கைமடங்கு வீதம்' என்று எழுதலாமா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் அச்சுக்கு அனுப்பிவிடுவேன்.